பதினேழாம் துண்டு

நகரில் மிச்சமிருந்த இருபத்து மூன்று பசுமைத் துண்டுகளில் ஒன்றை மட்டுமே வாங்கிக் காப்பாற்ற முடியும். மற்றவை அடுக்குமாடிகளுக்குப் போய்விடும். எதை வாங்குவது என்று ஜெபசீலி கணினி வரைபடத்தை வைத்துத் தயாரித்த பட்டியலில் மூன்று மணிக்குக் கையெழுத்தாக வேண்டும். இரண்டரை மணிக்கு அவள் ஒற்றைச் செருப்போடு அதிகாரியின் அறைக்குள் நுழைந்தாள். வலது காலில் முழங்கால்வரை கருஞ்சேறு. அதில் ஒட்டியிருந்த நத்தை ஒன்று மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது.

“எங்கம்மா போயிட்டு வர்றீங்க?” என்றார் நாச்சியப்பன், பேனாவைத் திறந்தபடி.

“பதினேழாம் நம்பருக்கு சார். கடைசியா ஒரு தடவை நேர்ல பாத்துரலாம்னு.”

“அதைத்தான் தரிசுன்னு கடைசியில தள்ளிட்டீங்களே?”

“ஆமா சார்.”

“இன்னொரு செருப்பு எங்க?”

“தரிசுக்குள்ள போயிருச்சு சார்.”

அவர் நத்தையைப் பார்த்தார். பேனாவை மூடினார். மேகம் மறைக்காத படம் வேண்டுமென்று, கத்திரி வெயிலில் எடுத்த செயற்கைக்கோள் படத்தைத் தேர்ந்தெடுத்தவள் அவள்தான். மேகம் இல்லாத அந்த நாளில் சதுப்பு நிலத்தில் தண்ணீரும் இல்லை. இப்போது அவர் கணினியில் தை மாதத்துப் படத்தைப் போட்டுக் கணக்கை மறுபடி ஓட்டினாள். பதினேழாம் துண்டு திரையில் நீலமாக நிறைந்து, பட்டியலின் முதல் வரிக்கு ஏறியது. நாச்சியப்பன் கையெழுத்திட்டார்.

“செருப்பை எடுக்க ஆள் அனுப்பவா?”

“வேண்டாம் சார். அங்கயே கிடக்கட்டும்.”

மிச்சமிருந்த செருப்பையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, நத்தை விழுந்துவிடாதபடி ஒவ்வொரு படியாக இறங்கினாள்.