கடைசி வார்த்தைக்கு முன்னாடி

மறுபடியும் கடைசி வார்த்தைக்குச் சீக்கிரமா வந்துட்டா.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினியர் கையைத் தூக்கினாரு. பாட்டு நின்னுச்சு.

"பதினொண்ணாவது டேக்மா இது! அந்த கேப்ல ரெண்டு எண்ணிட்டு வா. பஸ்ல சீட்டு புடிக்கற மாதிரி இப்படி முண்டியடிச்சுக்கிட்டு வர்றியே!"

அவ ஹெட்ஃபோனை சரி பண்ணிக்கிட்டா. காது ரெண்டும் வெந்துபோய்க் கிடந்துச்சு.

பாட வேண்டியது நாலே நாலு வரிதான். மிச்சப் பாட்டு முழுக்க அவ அக்கா போன வருஷமே பாடி வச்சது. எழுதினதும் அக்காதான், மெட்டு போட்டதும் அக்காதான். 'இந்த வாசலை விட்டு... போறேன்'னு முடியற பாட்டு.

கம்பெனிக்கு அந்த முடிவு புடிக்கல. போறேன்னு அழுதா எவன் திருப்பிப் போட்டுக் கேப்பான், 'இந்த வாசலுக்கே... வந்துட்டேன்'னு மாத்திப் பாடுன்னாங்க.

அக்கா பாடல. எட்டு மாசமா இந்த ஸ்டூடியோ பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்கல. கம்பெனிக்காரங்க பாட்டையும் வெளிய விடல, அக்காவையும் வெளிய விடல. வேற எங்கயும் பாடக் கூடாதாம், கான்ட்ராக்ட் அப்படி.

அப்பதான் யாருக்கோ ஞாபகம் வந்துச்சு, வீட்டுல இன்னொருத்தி இருக்காளேன்னு.

ரெண்டு பேருக்கும் ஒரே குரல். ஃபோன் பண்ணா அம்மாவே "பெரியவளா, சின்னவளா?"ன்னு கேட்டுட்டுதான் திட்டவே ஆரம்பிப்பாங்க.

கம்பெனி மேனேஜர் இனிக்க இனிக்கப் பேசினாரு. "நாலு வரி பாடிக் குடுடா தங்கம். பேரு அக்கா பேருதான் வரும், ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாது. அடுத்த ஆல்பம் உன்னோடது. உன் பாட்டு, உன் இஷ்டம். நாங்க வாயே திறக்க மாட்டோம்."

உன் இஷ்டம். அந்த ரெண்டு வார்த்தைல தொபுக்கடீர்னு விழுந்துட்டா. எத்தனை வருஷம்தான் 'அவளோட தங்கச்சி'யாவே இருக்கறது? அவகிட்டயும் ஒரு நோட்டு நிறைய பாட்டு இருக்கு.

அக்காகிட்ட, பல் டாக்டரைப் பாக்கப் போறேன்னு சொல்லிட்டு வந்தா. பெரிய பொய்னும் சொல்ல முடியாது. வாயைத் திறந்துக்கிட்டு நிக்கறா, உள்ள இருந்து யாரோ எதையோ புடுங்கறாங்க.

பன்னெண்டு. பதிமூணு. ரெண்டும் போச்சு.

குரல் அச்சு அசல் அக்காதான். அந்த கேப் மட்டும் வரமாட்டேங்குது. எந்தப் பாட்டு பாடினாலும் கடைசி வார்த்தைக்கு முன்னாடி, ரெண்டு எண்ணுற நேரம், அக்கா குரல் கப்சிப்னு நின்னுடும். ஜனம் அதுக்குத்தான் பைத்தியம். டீ-ஷர்ட்ல வெறும் மூணு புள்ளி போட்டு விக்கறாங்கன்னா பாத்துக்கோங்க. ஒரு பேட்டில 'அங்க ஏன் நிறுத்தறீங்க?'ன்னு கேட்டாங்க. அக்கா பக்கத்துல இருந்த மேனேஜரை ஒரு பார்வை பாத்துட்டு, "மூச்சு வாங்கத்தான்"னு சிரிச்சா.

அந்த கேப் இல்லாட்டி இது அக்கா இல்லைன்னு அஞ்சே நிமிஷத்துல கண்டுபுடிச்சுடுவாங்க.

ஆனா இவளால அங்க சும்மா நிக்க முடியல. மண்டைக்குப் புரியுது. வாய்தான் முந்திக்குது.

இன்ஜினியருக்கே பாவமாப் போச்சு. "சரி, உங்க அக்கா பாடினதை அப்படியே போடறேன். மியூசிக் இருக்காது, குரல் மட்டும். அளவைக் காதுல வாங்கிக்கோ. நடுவுல ஏதோ முனகல் கேக்கும், அதைக் கண்டுக்காத. ஒவ்வொரு பாட்டுலயும் பண்ணுவாங்க, ஒவ்வொரு தடவையும் மேனேஜர் சார் வெட்டச் சொல்லிடுவாரு."

போட்டாரு.

'இந்த வாசலை விட்டு...'

அந்த கேப்புக்குள்ள, ரொம்ப சன்னமா, சின்னக் குழந்தை மாதிரி குரலை வச்சுக்கிட்டு அக்கா சொன்னா.

"நானும்."

'...போறேன்.'

அவ மைக் ஸ்டாண்டை இறுக்கிப் புடிச்சுக்கிட்டா.

அது அவளோட இடம், சின்ன வயசுல இருந்தே. ரெட்டை அடுக்குக் கட்டில்ல மேல படுத்துக்கிட்டு அக்கா எதைப் பாடினாலும், ஒரு வரியும் தெரியாத நாலு வயசு வாண்டு கீழ இருந்து "நானும்! நானும்!"னு கத்தும். எவ்வளவு மிரட்டியும் அடங்காது. கடைசில அக்கா ஒரு வழி பண்ணினா. கடைசி வார்த்தைக்கு முன்னாடி நிறுத்திட்டு, கட்டில் ஓரமா தலையைத் தொங்கப்போட்டு அவளைப் பாப்பா. அவ 'நானும்' சொன்னப்புறம்தான் முடிப்பா.

அப்போ, அக்கா ஒரு பாட்டுலயும் அங்க மூச்சு வாங்கினதே இல்ல.

"போலாமா?"ன்னாரு இன்ஜினியர்.

பின்னாடி சோபால மேனேஜர் அவளைப் பாத்து கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாரு. மடியில அவளோட ஆல்பத்துக்கான பேப்பர். கதவு அவளுக்கு ரெண்டே எட்டுலதான் இருந்துச்சு.

தலையை ஆட்டினா.

பதினாலு.

'இந்த வாசலுக்கே'ன்னு பாடினா. நாக்கைப் பல்லுக்கு நடுவுல கடிச்சுப் புடிச்சுக்கிட்டா. ஒண்ணு. ரெண்டு. பொறந்ததுல இருந்து முதல் தடவையா அந்த இடத்துல வாயை மூடிக்கிட்டு நின்னா.

'வந்துட்டேன்.'

இன்ஜினியர் சீட்டை விட்டே துள்ளி எழுந்துட்டாரு.

"அப்படியே அக்கா! இல்லல்ல, அக்காவை விட சுத்தம். இதுல வெட்றதுக்கு ஒண்ணுமே இல்ல சார்."