பதினோரு கட்டைவிரல்கள்

ஆபிரகாம் லாக்கப்பில் அடிபட்டு இறந்தான். “அவனை இங்கே கொண்டுவரவே இல்லை” என்று எழுதிக்கொடுத்த அதே கனவான்கள், 2003இல் புனேயில் அதே நிலையத்தில் காவல்துறையின் எதிர்காலத்தைத் திட்டமிடக் கூடினார்கள்! புதிய கைரேகைக் கணினிக்கு மாலை சூட்டித் தேங்காய் உடைத்தார்கள். அதில் எவருடைய ரேகையும் இன்னும் ஏற்றப்படவில்லை. தலைமை அதிகாரி அதன் கண்ணாடியில் கட்டைவிரலை வைத்தார். திரையில் ஆபிரகாமின் பெயர் வந்தது. அவரோடு சேர்த்துப் பதினோரு அதிகாரிகள் வைத்தார்கள். பதினோரு முறையும் அதே பெயர்.

“அரே கிளைவ், மெஷின் கராப் ஹை!” என்று, இயந்திரம் கெட்டுப்போனதாகக் கணினி இயக்குபவனிடம் சீறிவிட்டு, அந்த வீரர்கள் தேநீருக்கு ஓடினார்கள்.

மகன் ஆபிரகாம் இங்கேதான் இருந்தான் என்று ஒரு வரி எழுதி வாங்க, ஓராண்டாக வாசலில் நிற்கும் பாக்கியவதியைக் கிளைவ் உள்ளே அழைத்தான்.

“ஆன்ட்டி, நீங்க ஒருவாட்டி வெச்சுப் பாருங்க.”

அவர் வைத்தார். ‘காவலில் இருக்கிறார். தாய் வந்திருக்கிறார்’ என்றது திரை. கண்ணாடிக்கு உள்ளிருந்து ஒரு கட்டைவிரல் எழுந்து, அவர் விரலோடு ஒட்டி நின்றது.