அரக்கா, பச்சையா?

"மானிட்டர்தான் காரணம் மேடம்" என்று பொய் சொன்னான் சீனு.

பெங்களூரு வைட்ஃபீல்டில் அந்தச் சின்ன டிசைன் கம்பெனியில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. புடவைக்கடை மஞ்சுநாத் தன் கேட்டலாக் அட்டைக்குக் கேட்டது அரக்கு கலர். சீனு அனுப்பியது கரும்பச்சை.

முதலாளி லவினாவின் போன் ஸ்பீக்கரில் மஞ்சுநாத் கத்திக்கொண்டிருந்தார்.

"ஏன்ரீ லவினா! சாயங்காலம் பிரஸ்ஸுக்குப் போகணும். அரக்குக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாதவனையா வேலைக்கு வெச்சிருக்கீங்க?"

சீனுவுக்கு நிஜமாகவே வித்தியாசம் தெரியாது. பிறவியிலிருந்தே அப்படி. சொன்னால் யார் வேலை கொடுப்பார்கள்? இத்தனை நாள் கலர் நம்பரை வைத்துச் சமாளித்தவன், நேற்று அவசரத்தில் கோட்டைவிட்டுவிட்டான்.

"லைன்லயே இருங்க சார்" என்ற லவினா, சீனுவைப் பார்த்தார்.

"எல்லா மானிட்டரும் எல்லாக் கலரையும் காட்டாதுதான். உன்னோடதைத் தூக்கிட்டு என் ரூமுக்கு வா. பக்கத்துல வெச்சுப் பார்த்துடலாம்."

தொலைந்தோம் என்று நினைத்தான். மானிட்டரைத் தூக்கிப்போய் அவர் மேஜையில் வைத்தான்.

இரண்டிலும் அதே அட்டை. லவினா மாறி மாறிப் பார்த்தார். சீனுவும் பார்த்தான். அவன் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

லவினா போனை எடுத்தார்.

"மானிட்டர் கோளாறுதான் சார். பையனோடதுல அரக்காத் தெரியுது, என்னோடதுல பச்சை. செக் பண்ணாம விட்டது என் தப்பு. அரை மணியில மாத்தி அனுப்பறேன்."

"டிசைன் கம்பெனி நடத்தறீங்க, ஒரு நல்ல மானிட்டர் வாங்கித் தர மாட்டீங்களா? இவ்ளோ கஞ்சத்தனமா?"

"சாரி சார்."

மஞ்சுநாத் விடவில்லை. ஐந்து நிமிடம் திட்டித் தீர்த்தார். லவினா தலைகுனிந்து கேட்டுக்கொண்டார்.

சீனு மூச்சு விட்டான். அதிர்ஷ்டம், மானிட்டரில் நிஜமாகவே கோளாறு இருந்திருக்கிறது!

"இனிமே யார் டிசைன் பண்ணாலும், கலரை உன் பக்கத்து சீட் ஷ்ரேயா ஒரு தடவை பார்த்தப்புறம்தான் அனுப்பணும். கிளம்பு" என்றார் லவினா.

சீனு கிளம்பவில்லை. தன்னால்தானே அவருக்கு இவ்வளவு திட்டு?

"மேடம்... உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். மானிட்டர் எப்படியிருந்தாலும், எனக்கு அரக்கும் பச்சையும் ஒண்ணாத்தான் தெரியும். இப்பகூட ரெண்டுலயும் ஒரே கலர்தான் தெரிஞ்சுது."

லவினா அவன் மானிட்டரின் ஒயரைக் கழற்றிக் கையில் கொடுத்தார்.

"எனக்கும் ரெண்டுலயும் ஒரே பச்சைதான் தெரிஞ்சுது சீனு."