பச்சையம்மாவின் மிச்சம்

கும்மிடிப்பூண்டி லேபில் மார்புப் புற்றுச் சதைகளுக்குச் சாயம் ஏற்றுவது பானுவின் வேலை. வேகமாகப் பெருகும் செல்களில் இருக்கும் ஒரு புரதம், சாயம் பட்டால் பழுப்பாகத் தெரியும். பழுப்பு கூடினால் ஆளுக்கு ஆயுசு குறைவு என்பார் டாக்டர். சாயம் சரியாக ஏறுகிறதா என்று சோதிக்க, மெழுகில் பதித்த பழைய சதை ஒன்றிலிருந்து தினமும் மெலிசாகச் சீவிக்கொள்வாள். அது போன வருஷம் செத்துப்போன பச்சையம்மாவுடையது.

அன்றைக்குப் பழவேற்காட்டிலிருந்து பச்சையம்மாவின் புருஷன் கணேசன் வந்து நின்றார். மீன் பிடிக்கிறவர். கையில் ஒரு குங்குமச் சிமிழ்.

"சாம்பலை எல்லாம் கடல்ல கரைச்சுட்டேம்மா. இன்னும் பாக்கி கீதுன்னு கனவுல வந்து பேஜாரு பண்றா. இங்க எதனா இருந்தா குடு."

"தெனம் சீவிக்கினே கீறோம்ணா. இன்னா மிச்சம் இருக்கப் போவுது?"

சொல்லிவிட்டு உள்ளே போனாள். உண்மையில் அது எப்போதோ தீர்ந்திருக்க வேண்டியது. அந்த மெழுகுக்கட்டி இருந்த டிராயரை இழுத்தாள், பாதிக்கு மேல் வரவில்லை, உள்ளே ஏதோ முட்டியது. விளக்கைப் போட்டுக் குனிந்து பார்த்தாள். காலையில் சீவிய இடம் தெரியவில்லை. மெழுகும் தெரியவில்லை, டிராயர் நிறையச் சதைதான்.

வெளியே வந்தாள். கணேசன் சிமிழைத் திறந்து நீட்டினார்.

"இந்தச் சிமிழு பத்தாதுண்ணா," என்றாள்.