பனிக்குள் வந்த பஸ்

மலைப்பாதையைப் பனி மூடியிருந்த காலை அது. மற்ற வண்டிகளோடு பேசும் புதுக் கருவி பொருத்திய சின்னக் கார் ஒன்று, கருவி பேசாவிட்டால் பாதை காலி என்று நம்பி வேகமாக ஏறிக்கொண்டிருந்தது.

திடீரென்று கருவியில் ஒரு லாரி பதறியது. “தம்பி, மெதுவா வா! எனக்கு முன்னால ஒரு பழைய பஸ் இறங்குது. அதுகிட்ட கருவி கிடையாது.”

அப்படியென்றால் இதுவரை தாண்டி வந்த வளைவுகளிலும் கருவி இல்லாத வண்டி வந்திருக்கலாமே என்று நினைத்தது கார். சட்டென்று பிரேக் பிடித்துப் பாறையோரம் ஒண்டிக்கொண்டது. மறுநொடி பனியைக் கிழித்துக்கொண்டு வந்த பஸ், அதன் பக்கக் கண்ணாடியை உரசி நின்றது.

“மூணு வளைவா ஹாரன் அடிச்சுக்கிட்டே வர்றேன். காதுல விழலையா?” என்று மூச்சிரைக்கக் கேட்டது பஸ்.

“விழுந்துச்சுண்ணே,” என்றது கார். “ஆனா, அப்போ கருவி ஒண்ணும் சொல்லலையே.”