வெயில் இறைத்த தண்ணீர்

"மேகம் மறைச்சா உன் மோட்டார் படுத்துக்கிடும், ஏட்டி!"

"சும்மா இரும்! உம்ம டீசல் எஞ்சின் போடுத சத்தத்துல வாழைக்கே காது..."

"வாழைக்குக் காது இருக்காம்! கேட்டீளா அண்ணாச்சி?"

"இவரு எஞ்சின் ஓடுத தோட்டத்துல போய்ப் பாருங்க. கிணத்தடி இலையெல்லாம் ஒரே கரி. அதுல எவன் சாப்பிடுவான்?"

ஆவுடைநாயகம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தச்சநல்லூரில் வாழையிலைக் கடை வைத்திருப்பவர். முதன்முறையாகச் சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். கிணற்றுத் தண்ணீர் இறைக்க வாடகைக்கு ஆள் வேண்டும் என்று டீக்கடையில் சொல்லிவைத்தார். இரண்டு பேர் வந்து நின்றார்கள். டீசல் எஞ்சினை இழுத்துக்கொண்டு பலவேசம். மகளிர் குழுவின் சோலார் மோட்டார் தள்ளுவண்டியோடு இசக்கித்தாய்.

"பொம்பளையைப் போய் ஏட்டிங்கியேப்பா?" என்று பலவேசத்தைக் கடிந்துகொண்டார்.

"வேற எப்படிக் கூப்பிட?" என்றவன் இருமத் தொடங்கினான்.

"கேளுங்க அண்ணாச்சி! புகையைக் குடிச்சுக் குடிச்சு நெஞ்சே எஞ்சின் மாதிரி ஆயிட்டு. எங்க வண்டி தள்ள வாரும், குழுவுல சம்பளம் தாரோம்னு கூப்பிட்டாச்சு. ரோசம் விடமாட்டேங்கு."

"இது எங்கப்பா காலத்து எஞ்சின். இதை விட்டுட்டுப் பொம்பளைங்க வண்டி தள்ளவா?"

"ரெண்டு பேரும் ஓட்டிக் காட்டுங்க. பேச்சு எதுக்கு?" என்றார் ஆவுடைநாயகம்.

இசக்கித்தாய் தகட்டை வெயிலுக்குத் திருப்பி விசையைத் தட்டினாள். சத்தமே இல்லாமல் தண்ணீர் குழாயில் பொங்கி வந்தது.

பலவேசம் மூச்சுப் பிடித்து எஞ்சினைச் சுற்றினான். கரும்புகை கக்கி, செருமி, நின்றது. மறுபடியும் சுற்றப் போனவன் இருமலில் அப்படியே குந்திவிட்டான்.

"தாயி, நீயே பாய்ச்சு. அறுப்பு வரைக்கும் நீதான்" என்றார் அவர்.

பலவேசம் எஞ்சினை இழுத்துக்கொண்டு வரப்போரம் பைய நடந்தான். ஆவுடைநாயகத்துக்கு மனசு கேட்கவில்லை.

"பாவம், அவன் வீட்டு அடுப்பும் எரியணும்லா? நாம அதுல தண்ணிய ஊத்திட்டமோ?"

இசக்கித்தாய் மடையைத் திறந்துவிட்டு நிமிர்ந்தாள். கையை வாயருகே குவித்துக்கொண்டு உரக்கக் கூப்பிட்டாள்.

"இந்தாரும்! போற வழியில நம்ம சின்னவளைப் பள்ளிக்கூடத்துல இருந்து கூட்டிட்டுப் போயிரும். உமக்குக் கஷாயம் அடுப்புமேலதான் இருக்கு. குடிச்சிட்டு வண்டி தள்ள வாரீரா?"