மலைக்குப் போட்ட தார்ப்பாய்

கயிறு விறைத்திருந்தது.

அவள் விரலால் அழுத்திப் பார்த்தாள். இம்மியும் அசையவில்லை.

நேற்று அவள் புருஷன் வேதமுத்து தன் கையால் கட்டிய தார்ப்பாய். அந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு அவன்தான் மேஸ்திரி. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வீடுகளுக்கு மேலே, சரிவின் குறுக்கே ஒரு விரிசல் விழுந்திருந்தது. மழைத் தண்ணீர் அதற்குள் இறங்கிவிடக் கூடாதென்று நீலப் பாயை விரித்து, மேலும் கீழும் இரும்பு முளை அடித்துக் கட்டியிருந்தான்.

ஒழுகும் கூரைக்குப் போட்டுப் பார்த்திருக்கிறாள். கொழுந்து மூட்டைக்கு மூடிப் பார்த்திருக்கிறாள்.

மலைக்குப் போட்டு இப்போதுதான் பார்க்கிறாள்.

நேற்று அது தொளதொளவென்று கிடந்தது. நடுவில் தேங்கிய தண்ணீரை அவளே வாளியால் மொண்டு கொட்டினாள்.

இன்று மழை கொட்டியும் தண்ணீர் தேங்கவில்லை. பாயில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

காற்றும் இல்லை. முளை ஒன்றும் சாயவில்லை.

ஓரத்து வளையம் ஒன்று பிய்ந்து தெறித்தது.

அவள் இறங்கி ஓடினாள்.

பன்னிரண்டு வீட்டுக் கதவையும் தட்டினாள். கைக்குழந்தையோடு வந்தார்கள். பாதிச் சோற்றில் எழுந்து வந்தார்கள். ரேஷன் கார்டைத் தேடிக்கொண்டிருந்த வெள்ளத்தாயைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

வேதமுத்து வழிமறித்தான்.

"எதுக்கு இப்படி ஊரைக் கூட்டுற? நான் அடிச்ச முளை பிடுங்கிக்கிட்டு வந்துருமா?"

"முளை பிடுங்கலை. முளையோட சேந்து மண்ணு இறங்குது."

அவன் அவள் முகத்தையே பார்த்தான். பிறகு சம்மட்டியை எடுத்தான்.

"ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துடுறேன். நீ பிள்ளைகளோட முன்னால போ."

அவன் கையைப் பிடித்தாள். அவன் மெதுவாக விடுவித்துக்கொண்டான்.

எல்லோரும் பாலத்தைத் தாண்டி ரோட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

சரிவில் அவன் சின்னதாகத் தெரிந்தான். நீலத்துக்குப் பக்கத்தில் குனிந்தான். வெகுநேரம் குனிந்தே இருந்தான். நிமிர்ந்து, இவர்களைப் பார்த்துக் கையை வீசினான்.

வரச் சொல்கிறானா, போகச் சொல்கிறானா?

"இறங்கி வா!" என்று கத்தினாள். குரல் எட்டியதா தெரியவில்லை.

அப்போது, மூன்று நாளாகப் பாலத்தடியில் இரைந்துகொண்டிருந்த ஓடை சட்டென்று அடங்கியது.

அவள் எட்டிப் பார்த்தாள். பாறைகள் மட்டும் கிடந்தன. ஒரு சொட்டுத் தண்ணீர் ஓடவில்லை; மேலே எங்கோ மண் சரிந்து ஓடையை அடைத்திருக்கிறது.

மழை இன்னும் கொட்டிக்கொண்டுதான் இருந்தது.